பொய் ஈயும் பட்டு நரம்பும்: நீலகிரிக்கு வந்த டிரவுட் மீனின் கதை

போன மார்கழியில் ஊட்டி போயிருந்தபோது ஒரு பழைய சாமான் கடையில் தகர டப்பா ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. திறந்தால் ஏழெட்டு தூண்டில் முள். ஒவ்வொன்றிலும் நூல் சுற்றி, இறகு கட்டி, பூச்சி மாதிரி செய்திருந்தார்கள். பாதி இறகை அந்துப்பூச்சி அரித்துவிட்டது. என்ன விலை கொடுத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிப்பார்கள்.

முசரவாக்கத்துக்குக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல சுத்தியிருக்கறது சரிகைடா. நூலு பட்டு. யாரு கட்டினது?"

"வெள்ளைக்காரங்க மீன் புடிக்கக் கட்டினது பெரிப்பா."

"மீனுக்குப் பட்டும் சரிகையுமா? அதுக்கு என்ன, கல்யாணமா?"

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. ஒரு மீனுக்கு ஏன் இத்தனை அலங்காரம்? அந்த மீன் நம் மலைக்கு எப்படி வந்தது? தேடிப் படித்ததைக் குறிப்புகளாக இங்கே போடுகிறேன்.

முதலில் அந்தத் தூண்டில்

நம்ம ஊர் ஏரியில் தூண்டில் போடுவது எல்லோருக்கும் தெரியும். மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. புழுவும் ஈயக் குண்டும் கனம் கொடுக்கும், வீசினால் தூரம் போய் விழும். பிறகு தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டிரவுட் தூண்டிலில் இதெல்லாம் தலைகீழ். டிரவுட் குளிர்ந்த ஓடை மீன். ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவருகிற பூச்சிகளைத் தின்னும். அதனால் அதற்குப் போடுவதும் ஒரு பூச்சி, அதாவது பொய்ப் பூச்சி. ஆங்கிலேயர்கள் இதை 'ஃபிளை' என்றார்கள், நான் 'பொய் ஈ' என்றே எழுதுகிறேன். அதற்குக் கனமே கிடையாது. கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். எனவே கனத்தைக் கயிற்றில் வைத்தார்கள். தடித்த கயிற்றைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசினால், கயிறு காற்றில் விரிந்து போய் ஈயைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்கும். இதுதான் 'ஃபிளை ஃபிஷிங்'.

இப்போது பெரியப்பா கேள்விக்கு வருவோம். அந்தக் கயிறு 1950-கள் வரைக்கும் பெரும்பாலும் பின்னிய பட்டு. ஆளிவிதை எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்திய பட்டு. மாலையில் வீடு திரும்பியதும் முழுவதையும் அவிழ்த்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் மக்கிவிடும். கயிற்றுக்கும் ஈக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய இழை வேண்டும். அதுவும் பட்டுப்புழுதான். ஆனால் புழு நூற்ற பட்டு இல்லை. கூடு கட்டத் தயாரான புழுவை வினிகரில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து நீட்டினால் ஒரு முழ நீளத்துக்கு உறுதியான இழை கிடைக்கும். ஸ்பெயினில் முர்சியா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கிருந்து உலகம் பூராவும் போனது. 1930-களின் கடைசியில் நைலான் வந்த பிறகுதான் இந்தத் தொழில் படுத்தது. நாம் இன்றைக்கும் நைலான் இழையை 'நரம்பு' என்கிறோம். அந்தக் காலத்து இழை நிஜமாகவே ஒரு புழுவின் உள்ளுறுப்பு.

ஈயைக் கட்டுகிற நூல் பட்டு. அதன் வயிற்றில் மின்னுகிற இழை, பெரியப்பா சரியாகச் சொன்னார், சரிகையின் உறவுக்காரன். கம்பியைத் தட்டையாக்கி அப்படியே சுற்றுவது ஒரு வகை, நூலின் மேல் சுற்றி உருட்டுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கும் நம் சரிகைக்கும் செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீருக்குள் வெளிச்சம் பட்டால் குட்டி மீன் புரண்ட மாதிரி மின்னும்.

கடைசியாக அந்த இறகு. என் டப்பாவில் இருந்த ஒரு ஈயின் இரண்டு பக்கமும் கறுப்பு இறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளி. அது நம் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. சாம்பல் நிறக் காட்டுக்கோழி தென்னிந்தியாவையும் மத்திய, மேற்கு இந்தியாவின் சில பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. பொய் ஈக்குக் கண் வைக்க இதைவிட நல்ல இறகு இல்லை என்று ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் முடிவு கட்டியதால் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1902-ல் காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. அதன் பிறகும் இந்த இறகுக்கு வெளியே கிராக்கி குறையவில்லை.

ஆக, இங்கிலாந்து ஓடையில் மீன் பிடிக்க நம் பக்கத்துக் காட்டிலிருந்து இறகு போனது. மீன் எதிர்த்திசையில் வந்தது.

முட்டையைக் கப்பலில் ஏற்றிய கதை

இமயமலையிலும் சரி, நீலகிரியிலும் சரி, டிரவுட் இயற்கையாகக் கிடையாது. ஆனால் ஊட்டியின் குளிரைப் பார்த்த ஆங்கிலேயனுக்கு ஊர் ஞாபகம் வந்தது. ரோஜா, உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் கொண்டுவந்தாகிவிட்டது. ஓடை இருக்கிறது, மீன் இல்லை.

பிரான்சிஸ் டே என்பவர் மதராஸ் ராணுவத்தில் டாக்டர். மீன் பைத்தியம். 1863-ல் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். தோல்வி.

ஏன் தோல்வி என்பது எளிய கணக்கு. மீனை உயிரோடு கொண்டுவருவது கஷ்டம், முட்டையாகக் கொண்டுவரலாம். டிரவுட் முட்டை பொரிக்கிற காலம் தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. 10 டிகிரியில் சுமார் 40 நாள், 5 டிகிரியில் 80 நாளுக்கு மேல். சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் மூன்று நான்கு மாதம். எகிப்தில் இறங்கி, ரயிலில் சூயஸ் போய், மறுபடி கப்பல் ஏறினால் நாள் குறையும், ஆனால் நடுவில் செங்கடல் வெயில். மதராஸில் இறங்கிய பிறகு சமவெளியின் சூடு. அதற்கப்புறம் மாட்டு வண்டியில் மலைப்பாதை. எந்த இடத்தில் ஐஸ் தீர்ந்தாலும் கதை முடிந்தது.

மதராஸில் ஐஸ் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலில் வந்து கடற்கரையில் இறங்கும். அதைச் சேமித்து வைத்த கட்டிடம்தான் 'ஐஸ் ஹவுஸ்', இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் பிரச்சினை மதராஸில் இல்லை, வழியில்.

இதைத் தீர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியவர்கள். 1864-ல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் மரப்பெட்டிகளுக்குள் ஈரப் பாசியைப் பரப்பி, அதில் முட்டைகளை வைத்து, ஐஸ் அறைக்குள் அடுக்கினார்கள். சுமார் 90 நாள் பயணம். அதில் தப்பிய டிரவுட் முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரித்தன. காஷ்மீருக்கும் இப்படித்தான் 1899-ல் ஒரு தொகுதி வந்து முழுக்கச் செத்தது, 1900-ல் வந்தது பிழைத்தது. இலங்கையில் நுவரெலியா ஓடைகளுக்கு 1880-களிலேயே வந்துவிட்டது. நீலகிரியில்தான் முயற்சிகள் தொடர்ந்து கைகொடுக்கவில்லை.

மீனுக்கு முன்னால் வந்த சட்டம்

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

1877-ல் நீலகிரியில் வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்: நீலகிரி கேம் அசோசியேஷன். 1879-ல் மதராஸ் அரசு நீலகிரிக்கென்றே ஒரு சட்டம் போட்டது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பதற்கான சட்டம். மலையில் டிரவுட் இன்னும் நிலைக்கவில்லை. வளர்ப்புக்கு வந்த கெண்டை வகைகள் சில ஏரிகளில் இருந்தன, அவ்வளவுதான். வரப்போகிற விருந்தாளிக்கு முன்னாலேயே பாய் போட்டு வைத்த மாதிரி.

வருஷத்தைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். எங்கள் செங்கல்பட்டு ஜில்லா உட்பட மதராஸ் மாகாணத்தில் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்த காலம். அதே வருஷங்களில் அதே மாகாணத்தின் மலையில் மீன் பிடிக்கிற பொழுதுபோக்குக்குச் சங்கமும் சட்டமும். இரண்டையும் ஒரே வில்லன் செய்தான் என்று நான் சொல்லவில்லை. மலையில் காட்டெருமையும் மானும் கணக்கில்லாமல் சுடப்பட்டுக்கொண்டிருந்தன, அதைக் கட்டுப்படுத்த அந்தச் சட்டம் நிஜமாகவே உதவியது. அந்தச் சங்கம் இன்று காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பாக மாறிவிட்டது. ஆனாலும் சட்டம் போட்டவர்களின் கண்ணில் எந்த மீன் பட்டது, எந்த மீன் படவில்லை என்பது அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே தெரிகிறது. காப்பாற்ற வேண்டியது வந்த மீன். ஏற்கெனவே இருந்த மீனுக்குப் பெயர் இல்லை.

அந்தக் காலத்து அதிகாரிகள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் போட்டார், 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி இன்னொன்று. டிரவுட்டுக்காக ஏங்காமல், நம் ஆற்று மாசீரும் ஏரிக் கெண்டையும் போதும் என்று மகிழ்ந்தவர். பிரான்சிஸ் டேயும் அப்படித்தான், அவரிடம் கடைசியில் வருகிறேன்.

அவலாஞ்சி

டிரவுட்டை நிலைநாட்டியவர் எச். சி. வில்சன். மீன் வளர்ப்பு நிபுணராக 1906-ல் வந்தார். 1907-ல் ஊட்டிக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் வந்தன. இப்போது வந்தது வேறு இனம்: வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ரெயின்போ டிரவுட், உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுகிற மீன். ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டைவிடக் கொஞ்சம் சூட்டைத் தாங்கும், வேகமாக வளரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் 1899-லேயே வந்துவிட்டதால் மலைப்பாதைக் கண்டமும் குறைந்தது. மீன் பிழைத்தது, ஓடைகளில் தானாகவே முட்டையிட்டது.

அதே 1907-ல்தான் மதராஸ் மீன்துறையும் பிறந்தது. அதை உருவாக்கிய பிரெடரிக் நிக்கல்சன் பஞ்சத்தையும் கூட்டுறவையும் பற்றி யோசித்த மனிதர். மீன் ஏழைக்கு உணவாக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரே துறைக்குள் கடற்கரையில் ஏழைக்குக் கருவாடு, மலையுச்சியில் துரைக்குத் தூண்டில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து கோப்புகள்.

நான் அவலாஞ்சி போனது அந்த மார்கழிக் காலையில்தான். புல்வெளி முழுக்க உறைபனி, உப்பு தூவிய மாதிரி. பொரிப்பகத்தின் சிமெண்ட் தொட்டிகளில் ஓடைத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கையை விட்டேன், பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துவிட்டது. மீன்களோ நிம்மதியாக எதிர்நீச்சலில் நின்றன.

குளிர்காலம்தான் இங்கே வேலைக்காலம். சினைமீனின் வயிற்றை மெதுவாக நீவி முட்டைகளைப் பாத்திரத்தில் எடுப்பார்கள், ஆண்மீனின் விந்தை அதோடு கலப்பார்கள், பிறகு தட்டுகளில் பரப்பி ஓடும் தண்ணீரில் வைப்பார்கள். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை விட்டுவைத்தால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் ஏறும் என்பதால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பாவில் அறுந்த இழையைத் தேடுகிற பொறுமை வேண்டும் இதற்கு.

குளிரில் தூண்டில்

குளிரில் டிரவுட் பிடிப்பது தனி வித்தை. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். 13, 14 டிகிரியில் நன்றாகப் பசிக்கும். 5 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானமே மந்தம், நகராமல் கிடக்கும். 20-க்கு மேலே போனால் மூச்சுத் திணறும், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். எங்கள் ஏரியில் டிரவுட்டை விட்டால் சித்திரை வரைக்கும் போகாது, தை மாத மதியத்திலேயே மிதக்கும்.

அதனால் குளிர்நாளில் விடியலில் ஓடைக்குப் போவது வீண். வெயில் தண்ணீரில் இறங்கி ஒன்றிரண்டு டிகிரி ஏறட்டும் என்று காத்திருந்து, பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொள்வார்கள். மீன் ஓட்டத்தில் நிற்காது, ஆழமான மெதுவான மடுவில் கிடக்கும். தண்ணீர் மேல் மிதக்கிற ஈயை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே பூச்சியின் புழுப் பருவத்தைப் போலக் கட்டிய ஈயை அடிமட்டத்தில், அதன் வாய்க்குப் பக்கத்தில், மெதுவாக நகர்த்த வேண்டும். கடிக்கிறபோது வெடுக்கென்று இழுக்காது. கயிறு ஒரு நொடி நின்ற மாதிரி இருக்கும், அவ்வளவே. ஐரோப்பாவில் கோலின் வளையங்களில் ஐஸ் அடைத்துக்கொள்ளும், விரலால் ஊதித் தட்டிவிட்டுக்கொண்டே பிடிப்பார்கள். முட்டையிடுகிற மீனைத் தொடாமல் விடுவதும், அந்தக் காலத்தில் ஓடையையே மூடிவைப்பதும் இந்த விளையாட்டின் மரியாதை.

இவ்வளவு பொறுமையும் உணவுக்காக இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இது ஊர் ஏக்கம் பிடித்தவர்களின் வழிபாடு மாதிரி. சரிகை கட்டியதில் ஆச்சரியமில்லை. பெரியப்பா கல்யாணமா என்று கேட்டது அவ்வளவு தப்பில்லை.

கணக்கில் வராத மீன்

சுதந்திரத்துக்குப் பிறகு துரைகள் போனார்கள். கனடா உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என அணைகள் எழுந்து ஓடைகள் பல ஏரிக்குள் போயின. புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் நட்டார்கள். டிரவுட்டுக்கு வேண்டிய குளிர்ந்த ஊற்று நீரைத் தருவது சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்த அமைப்புதான். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு வருஷம் பூரா கசியவிடும். சோலை போனால் வெயிலில் ஓடை சூடேறும், முதலில் ஓடிப்போவது டிரவுட்.

இதனால் சிலர் டிரவுட்டை மலையின் ஆரோக்கியத்துக்கு அடையாளமாகச் சொல்வார்கள். பாதி நிஜம். மீதிப் பாதி: டிரவுட் வேட்டை மீன். பூச்சியோடு நிற்காது. சின்ன மீன், தலைப்பிரட்டை, தவளை எல்லாம் அதற்கு இரை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைத் தவளைகளும் கல்லை ஒட்டிப் பாசி தின்னும் குட்டி மீன்களும் உலகில் வேறெங்கும் இல்லாதவை பல. அப்படிப்பட்ட வேட்டைக்காரன் ஒருவனோடு அவை முன்பு வாழ்ந்ததில்லை.

இங்கேதான் பிரான்சிஸ் டே மறுபடி வருகிறார். 1863-ல் டிரவுட்டைக் கொண்டுவரத் துடித்த அதே மனிதர், பிறகு இந்திய மீன்துறைத் தலைமை அதிகாரியாகி நாடு முழுக்க அலைந்து, 1875 முதல் 1878-க்குள் இந்திய மீன்களின் பெரிய தொகுப்பைப் படங்களோடு வெளியிட்டார். நீலகிரி அடிவாரத்து பவானி ஆற்றின் பெயரையே சூட்டி ஒரு கெண்டை இனத்தையும் விவரித்தார். அது இன்று அருகிப்போன மீன். நம் மீன்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பதிவேடு எழுதியவரும் அவரே, பதிவேட்டில் இல்லாத மீனை அழைத்துவரப் பார்த்தவரும் அவரே. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, முழுக்கக் கொண்டாடவும் வரவில்லை.

டிரவுட்டின் ஒவ்வொரு வரவுக்கும் தேதி இருக்கிறது: எந்தக் கப்பல், எந்த வருஷம், யார் கொண்டுவந்தது, பிழைத்ததா செத்ததா. அது இறங்கிய ஓடையில் அதுவரை இருந்த அயிரைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. எது போனது என்று தெரிய, முதலில் எது இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

இதை மலையோடு விட்டுவிட வேண்டாம். போன வாரம் ஏரிக்கரையில் ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கெட்டில் எட்டிப் பார்த்தேன், அத்தனையும் ஜிலேபி. ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இதற்கு ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை, தனிச் சட்டம் தேவைப்படவில்லை, பட்டும் சரிகையும் தேவைப்படவில்லை. ஏழைக்கு மலிவான மீன் என்ற நல்ல எண்ணத்தில் விட்டார்கள், ஊர் ஊராகப் பரவிவிட்டது.

"வேற மீனே கெடைக்கலையாடா தம்பி?"

"இதான் சார் கெடைக்கும். எப்பவும் இதான்."

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் கேட்டேன், சின்ன வயசில் நம் ஏரியில் என்னென்ன மீன் இருந்தது என்று. விரால், குறவை, கெளுத்தி, உளுவை, ஆரா, அயிரை, பனையேறிக் கெண்டை என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். இரண்டு பெயர் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் எழுபது தாண்டிய யாராவது இருப்பார்கள். கேட்டு எழுதி வையுங்கள்.